ஊசியும் உட்காரும் பலகையும்

சென்ற மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர் சிலர் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தனர். தோள்வலி, கழுத்துவலி, இடுப்புப் பிடிப்பு ஆகியவற்றால் துன்புறும் நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் ‘உலர் ஊசி’ச் சிகிச்சை முகாம் ஒன்றை, சங்கத்தின் பொது நல நிதியைக் கொண்டு, ஆண்டுக்கு இருமுறை நடத்த வேண்டும் என்பதே அது. உடனே சபை இரு கட்சியாயிற்று. ‘ஒரே ஊசியில் வலி ஓடிவிடும், நானே கண்டவன்’ என்றார் ஒருவர். ‘மருந்தில்லாத ஊசியால் நோய் தீருமாயின், கருவேல முள்ளால் குத்திக்கொண்டாலும் தீர வேண்டுமே’ என்றார் மற்றொருவர். சபை சிரித்தது. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

சிரித்துத் தள்ளக்கூடிய விஷயமன்று இது. கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடத் தக்கதும் அன்று. செலவாகப்போவது நம் அனைவருடைய பணம். ஊசி இறங்கப்போவது நம் அனைவருடைய தோளில். ஆதலின் நம் அபிப்பிராயத்தை இங்கே சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

முதலில் வலியைப் பற்றிச் சில வார்த்தைகள். குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதிகட்டைகளை மாறி மாறி அழுத்தி, வலக்கையால் நாடாக் கயிற்றை இழுத்து, இடக்கையால் அச்சுப் பலகையை ஆட்டி நெய்கிறவரின் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்த்தோம். அங்குலத்துக்கு 60 ஊடை இழை விழுகின்ற ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றை முடிக்க, கயிற்றை ஏறத்தாழ 13,000 முறை இழுக்க வேண்டும். 13,000 முறையும் அதே தோள், அதே திசை, அதே விசை. கழுத்து முன்னோக்கிக் குனிந்தபடியே இருக்கிறது. இழை அறுந்தால் இன்னும் குனிகிறது. நடவுப் பெண்களின் இடுப்பைப் பற்றிக் கூறவே வேண்டுவதில்லை. 16 லிட்டர் மருந்துத் தெளிப்பானை முதுகில் சுமந்து வரப்பெல்லாம் நடப்பவரின் தோளில், கருவியின் எடை நீங்கலாகவே, 16 கிலோ நீர் தொங்குகிறது. மாலையில் இவர்களுடைய தோளைத் தொட்டுப் பார்த்தால், கயிற்றைப் போல் இறுகிய சதையும் அதனிடையே கொட்டைப்பாக்களவு முடிச்சும் விரலுக்குத் தட்டுப்படும்.

மாதச் சம்பளக்காரருக்கு வலி வந்தால் விடுப்பு உண்டு. பாவுக்கு இவ்வளவு கூலி என்று பெறுகிற நெசவாளிக்கு வலி வந்தால் கூலி இல்லை. தறி நிற்கும், அடுப்பும் நிற்கும். ஆகவே வலி போனதாகச் சொல்லும் எவரையும் அவர் நம்பி ஓடுவதில் வியப்பில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மீண்டும் தறியில் அமர்வோர் நம்மில் எத்தனை பேர் என்பது நமக்கே தெரியும். அந்த மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு என்பதை வைத்தியர்கள் பன்முறை எச்சரித்திருக்கின்றனர். அவ்வகையில் நோக்கினால், மாத்திரையின்றி வலியைத் தணிக்கும் வழியொன்றை அங்கத்தினர் நாடியது நியாயமே.

இனி, அந்த ஊசி யாது? நாம் அறிந்த மருந்தூசி உள்ளே துளையுடையது. அதன் வழியே மருந்து செல்லும். உலர் ஊசிக்குத் துளை இல்லை, மருந்தும் இல்லை, அதனாலேயே ‘உலர்’ என்னும் பெயர் பெற்றது. மருந்தூசியின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்க, இதன் கனம் கால் மில்லிமீட்டர் அளவே. பயிற்சி பெற்றவர் விரலால் தடவி இறுகிய சதைப் பட்டையையும் அதில் மிகுதியாக வலிக்கும் புள்ளியையும் கண்டறிந்து, தோலைச் சுத்தம் செய்து, அப்புள்ளியில் ஊசியை இறக்குவார். சரியான இடத்தைத் தொட்டால் சதை ஒருகணம் தானே துடித்து அடங்கும். தூண்டிலில் மீன் இழுப்பதைப் போல என்று அனுபவித்தவர் ஒருவர் நம்மிடம் கூறினார். பிறகு ஊசியை எடுத்துவிடுவதும் உண்டு, சில நிமிஷம் அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. ஓரிரு நாள் அவ்விடத்தில் அடிபட்டது போன்ற நோவு இருக்கும்.

இந்த முடிச்சுகளின் விந்தை என்னவெனில், வலி இருக்குமிடம் வேறு, வலிக்கு மூலமான இடம் வேறாக இருக்கலாம். தோள்மேட்டுச் சதையில் உள்ள முடிச்சை அழுத்தினால் வலி கழுத்து வழியே ஏறிப் பொட்டில் தெறிக்கும். தோட்பட்டை எலும்பின் மேலுள்ள சதையில் முடிச்சு இருந்தால் வலி தோளின் முன்புறத்திலும் கையிலும் இறங்கும். தலைவலி என்று கண் வைத்தியரிடமும், கைக்குடைச்சல் என்று நரம்பு வைத்தியரிடமும் அலைந்த நெசவாளர் சிலருக்கு, மூலம் கயிறு இழுக்கும் தோளிலேயே இருந்திருக்கக் கூடும்.

வலி இவ்வாறு இடம் மாறித் தெரிவதை இங்கிலாந்தில் கெல்கிரன் என்னும் வைத்தியர் 1938இல் சோதனையால் காட்டினார். சதைக்குள் உப்புக் கரைசலைச் செலுத்தி, வலி எங்கெங்கே பரவுகிறது என்று குறித்தார். அமெரிக்காவில் ஜேனட் டிராவல் என்னும் பெண் வைத்தியர் இதைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகவே கொண்டார். டேவிட் சைமன்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூலின் முதற்பாகம் 1983இல் வெளியாயிற்று; இத்துறையில் இன்றும் அதுவே மூலநூல். தொடக்கத்தில் அவரைப் போன்றோர் முடிச்சுக்குள் மரப்பு மருந்தைச் செலுத்தி வந்தனர். குணம் தந்தது மருந்தா, ஊசியின் முனையா என்ற கேள்வி பிறகே எழுந்தது.

அக்கேள்வியைச் செக்கோஸ்லோவாகியா நாட்டு வைத்தியர் காரெல் லெவிட் ஆராய்ந்து 1979இல் முடிவை வெளியிட்டார். 241 நோயாளிகளின் 312 வலியிடங்களில் அவர் மருந்தின்றி வெறும் ஊசியை இறக்கினார். மிகுதியாக வலித்த புள்ளியை ஊசி தொட்டபோது நூற்றுக்கு ஏறத்தாழ 87 இடங்களில் அக்கணமே வலி தணிந்தது. ஊசிக் கட்சியார் எடுத்துக்காட்டுவது இந்த எண்ணையே. ஆனால் அதே கட்டுரையின் மறுபாதியையும் படிக்க வேண்டும். தொடர்ந்து கவனிக்கப்பட்ட 288 இடங்களில் நிலையான குணம் 92க்கே கிட்டிற்று. 58 இடங்களில் சில மாதம், 63இல் சில வாரம், 32இல் சில நாள் மட்டுமே சுகம் நீடித்தது. எஞ்சியவற்றுக்குப் பயனே இல்லை. அக்கணச் சுகம் நூற்றுக்கு 87. நிலைத்த சுகம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே இக்கட்டுரையின் விஷயம் என்று கொள்ளலாம்.

உழைப்பாளிகளைப் பற்றிய ஆய்வொன்றும் உண்டு. கனடாவில் சான் கன் என்னும் வைத்தியர், நாட்பட்ட இடுப்புவலியால் வேலையிழந்த ஆடவர் 56 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 1980இல் முடிவை வெளியிட்டார். வழக்கமான சிகிச்சையுடன் ஊசியும் பெற்ற 29 பேரில் 18 பேர் பழைய வேலைக்கோ அதற்கு ஒப்பான வேலைக்கோ திரும்பினர். 10 பேர் இலேசான வேலைக்குச் சென்றனர். ஊசியின்றிச் சிகிச்சை பெற்ற 27 பேரில் பழைய வேலைக்குத் திரும்பியவர் நால்வரே. 9 பேர் வேலை செய்ய இயலாத நிலையிலேயே இருந்தனர். நம் போன்றோரின் மனத்தைக் கவரும் கணக்குத்தான். ஆயினும் 56 பேரைக் கொண்டு உலகத்துக்கு விதி வகுத்துவிட முடியாது.

பிற்காலத்தில் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நிறுத்துப் பார்த்தவர்களின் தீர்ப்பு அடக்கமாகவே இருக்கிறது. 2001இல் வெளியான தொகுப்பு, மருந்து செலுத்திய ஊசி வெற்றூசியைவிட மேலானதாகத் தெரியவில்லை என்று கூறிற்று. நாட்பட்ட இடுப்புவலிக்கு மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துச் செய்தால் உலர் ஊசி பயன்படலாம் என்பது 2005இல் காக்ரேன் தொகுப்பின் முடிவு. அதற்கு ஆதாரமாயிருந்த ஆய்வுகள் சிறியவை என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது. 2017இல் வந்த மற்றொரு தொகுப்பு, முதல் பன்னிரண்டு வாரங்களில் வலி குறைவதற்கு ஓரளவு சான்று உண்டென்றும், நீண்ட காலப் பயனுக்குச் சான்று மெலிந்ததென்றும் கண்டது. முடிச்சு என்று நாம் விரலால் உணர்வது உண்மையில் யாது, அது சதையின் கோளாறா நரம்பின் கோளாறா என்பதிலேயே ஆராய்ச்சியாளரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆகவே, கருவேல முள் என்று கேலி செய்த அன்பருக்கு நாம் கூறுவது: இது வெறும் பாசாங்கன்று, சிலவகைத் தசைவலிக்குச் சில வாரச் சுகத்தையேனும் தரவல்லது. ஒரே ஊசியில் ஓடிவிடும் என்ற அன்பருக்கு நாம் கூறுவது: ஓடியது திரும்பி வருவதையும் சற்றே காத்திருந்து பாருங்கள்.

சீன அக்குபங்சரும் இதுவும் ஒன்றே என்று சபையில் சிலர் பேசினர். ஊசி ஒன்றுபோலவே இருப்பினும் கொள்கை வேறு. அது உடலில் ஓடும் உயிராற்றலின் தடங்களைக் கருதிக் குத்துவது. இது விரலுக்குத் தட்டுப்படும் இறுகிய சதையைத் தேடிக் குத்துவது. அவ்விரண்டில் எது உயர்ந்தது என்ற வாதம் நமக்கு இங்கு வேண்டுவதில்லை.

அபாயத்துக்கு வருவோம். அயர்லாந்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் 39 பேர் 7,629 சிகிச்சைகளைக் குறித்துவைத்து 2014இல் வெளியிட்ட கணக்கில், ஐந்தில் ஒன்றுக்கு இரத்தக்கட்டு, சிறு கசிவு, நோவு போன்ற சில்லறைத் தொல்லைகள் நேர்ந்தன. பெருங்கேடு ஒன்றும் நேரவில்லை. அமெரிக்காவில் இருபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சிகிச்சைகளைக் குறித்த 2020ஆம் ஆண்டுக் கணக்கில் பெருங்கேடுகள் 20. ஆயிரத்துக்கு ஒன்று என்று கொள்ளலாம். இவை பயிற்சி பெற்றவர் கையில் நேர்ந்த கணக்குகள் என்பதை மறக்கலாகாது. பயிற்சியில்லாதவர் எவரும் கணக்கு எழுதி வெளியிடுவதில்லை.

பெருங்கேடுகளில் நாம் தனியே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு; அது நெசவாளரையே நேராகத் தொடுகிறது. நுரையீரல் விலா எலும்புக் கூட்டுக்குள் முழுவதும் அடங்கியிருப்பதாக நாம் எண்ணுகிறோம். அதன் உச்சி காறை எலும்புக்கு மேலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழுந்து நிற்கிறது. தோள்மேட்டுச் சதைக்குச் சற்றுக் கீழே இருப்பது அதுவே. கயிறு இழுக்கும் நெசவாளருக்கு முடிச்சு விழுவதும் அந்தத் தோள்மேட்டிலேயே. உடல் மெலிந்தவருக்குச் சதையின் கனம் குறைவு, ஊசி சற்றே ஆழமாகச் சென்றாலும், திசை தவறினாலும், நுரையீரலைச் சூழ்ந்த உறையில் துளை விழுந்து காற்றுப் புகும், நுரையீரல் சுருங்கும். மார்பில் குத்துவலி, மூச்சுத்திணறல், வறட்டிருமல் ஆகியவை அப்போதே தோன்றாமல் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். ஊசி போட்ட நோவு என்று எண்ணிப் படுத்துவிடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஊசி போட்டுக்கொண்ட செய்தியை அங்கே மறைக்கலாகாது. இந்தச் சில வரிகளையேனும் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டாருக்குப் படித்துக் காட்ட வேண்டுகிறோம்.

மற்றோர் அபாயம் ஊசியின் சுத்தம். சென்ற ஆண்டு அயலூரில் நடந்த முகாம் ஒன்றுக்குச் சென்ற நம் அங்கத்தினர் ஒருவர், முறை வருமுன்னே எழுந்து வந்துவிட்டார். காரணம் கேட்டோம். தட்டொன்றில் கிடந்த ஊசிகளைப் பஞ்சினால் துடைத்து அடுத்தவருக்குப் போட்டதைக் கண்டதாகக் கூறினார். அந்த அம்மையார் பள்ளியில் அதிகம் படித்தவரல்லர். ஆயினும் அன்று அவர் செய்ததைவிட அறிவுடைய செயல் வேறில்லை. குஜராத் மாநிலத்தின் மொடாசா ஊரில் 2009இல் மஞ்சட்காமாலையின் கொடிய வகையொன்று பரவிப் பலர் மாண்டதற்கு, ஒருமுறை உபயோகித்த மருந்தூசியையும் குழலையும் மீண்டும் உபயோகித்ததே காரணமென்று கண்டறியப்பட்டது. அங்கே உபயோகித்தது மருந்தூசி, இங்கே உலர் ஊசி என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. இரத்தத்தைத் தொட்ட எந்த ஊசியும் ஒருவருக்கு ஒருமுறைதான். உறையை நம் கண்முன்னே பிரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் நம் கண்முன்னே அதற்குரிய பெட்டியில் போட வேண்டும்.

முகாம் என்ற ஏற்பாட்டை நாம் விரும்பாததற்குக் காரணம் இவையே. கண்ணுக்குக் கண்ணாடி கொடுக்க முகாம் நடத்தலாம்; இரத்த அழுத்தம் பார்க்க நடத்தலாம். ஒரு பகலில் நூறு பேருக்கு ஊசி இறக்கும் இடத்தில், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் யார், கர்ப்பிணி யார், சர்க்கரை நோயால் புண் ஆறாதவர் யார் என்று எவர் நின்று விசாரிப்பார்? வலி தசைப்பிடிப்பினால்தான் வந்தது, எலும்புருக்கியாலோ முதுகெலும்புத் தட்டு நழுவியதாலோ வேறு கட்டியாலோ வந்ததன்று என்று எவர் சோதிப்பார்? இரவில் மூச்சுத் திணறினால் கூடாரம் பிரித்துச் சென்றவரை எங்கே தேடுவது?

இத்தனையும் எழுதிய பிறகு, நம் அங்கத்தினர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நம் அபிப்பிராயம் உருவானது அதனாலேயே. ஐம்பது வயதைக் கடந்த நெசவாளர் அவர். வலத்தோளில் தொடங்கிக் கழுத்தேறி நெற்றிப்பொட்டு வரை வலி. நகரத்தில் முறையாகப் படித்த இயன்முறைச் சிகிச்சையாளரிடம் சென்று நான்கு வாரத்தில் நான்கு முறை ஊசி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் நஷ்டம். எனினும் சுகம் கண்டார். தலையை இருபுறமும் திருப்ப முடிந்தது. மனைவி மக்களிடம் முகம் கொடுத்துப் பேச முடிந்தது. இரண்டு மாதம் கழித்து வலி திரும்பிற்று. மீண்டும் சென்றார். அம்முறை சிகிச்சை செய்த அம்மையார் ஊசியை எடுக்குமுன், ‘ஐயா, தறியில் எப்படி உட்காருகிறீர்கள்? உட்கார்ந்து காட்டுங்கள்’ என்றாராம்.

அவர் திரும்பி வந்து இதைச் சங்கத்தில் கூற, நம்மில் இருவர் அவர் வீட்டுக்குச் சென்றோம். தறிக்குழியின் விளிம்பிலிருந்த பழைய பலகை உளுத்துப்போய், அதன் இடத்தில் மூன்று செங்கல்லும் ஒரு சாக்கும் இருந்தன. இருக்கை நான்கு விரற்கடை தாழ்ந்துவிட்டதால் நாடாக் கயிற்றின் பிடி அவருடைய முழங்கைக்கு மேலே நின்றது. ஒவ்வோர் இழுப்புக்கும் தோளைக் காதோரம் தூக்கியே அவர் இழுத்து வந்தார். 13,000 முறை என்று மேலே எழுதினோமே, அத்தனையும் தூக்கிய தோளோடு! விளக்கும் இடப்புறம் தள்ளியிருந்ததால் அறுந்த இழையைத் தேடக் கழுத்தை முறுக்கிக் குனிந்தார். இவ்வாறு அமர்பவருக்கு உலகத்திலுள்ள ஊசியெல்லாம் போட்டாலும் முடிச்சு மீண்டும் விழத்தானே செய்யும்?

தச்சரைக் கூப்பிட்டு, முன்புறம் சற்றே சரிந்த பலகை ஒன்றைச் செய்து போட்டோம். கயிற்றின் பிடியை முழங்கை மட்டத்துக்கு இறக்கினோம். விளக்கை நேர்மேலே மாட்டினோம். தச்சுக்கூலியும் மரமும் நான்குமுறை நகரம் சென்றுவந்த செலவைவிடக் குறைவே. அம்மையார் சொல்லிக்கொடுத்த கழுத்துப் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்கிறார். மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கிறார். மூன்று மாதமாயிற்று. வலி முழுவதும் போய்விட்டது என்று கூறினால் பொய்யாகும். தறி ஓடுகிறது, பாவு தவறாமல் வந்து சேருகிறது. ஒருவர் கதை சாஸ்திரமாகாது என்பதை நாம் அறிவோம்.

ஆனால் ஈரான் நாட்டில் கம்பளம் நெய்வோரிடம் ஆராய்ந்தவர்களும் இதே திசையையே காட்டினர். ஒன்பது மாகாணங்களில் 1,439 நெசவாளரை விசாரித்து 2007இல் வெளியிட்ட அறிக்கையில், தோளில் தொல்லையுடையோர் நூற்றுக்கு 48 பேர், இடுப்பில் தொல்லையுடையோர் 45 பேர் என்று கண்டனர். அவர்கள் பரிந்துரைத்தது மருந்தை அன்று. நெய்யும் உயரத்தை முழங்கைக்கு மேல் 20 சென்டிமீட்டராக அமைப்பதையும், முன்புறம் சரிந்த உயர்ந்த இருக்கையையுமே. அவர்களது தறி செங்குத்தானது, நமது தறி கிடையானது. ஆதலின் அந்த அளவு நமக்குப் பொருந்தாது. நம் அளவை நாமே எடுக்க வேண்டும்.

முன்னே கூறிய ஜேனட் டிராவலைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அவர் ஊசியோடு நின்றவரல்லர். முதுகுவலியால் வருந்திய ஜான் கென்னடி 1955இல் அவரை நாடினார். 1961இல் குடியரசுத் தலைவரானதும் தம் வைத்தியராகவே அமர்த்திக்கொண்டார். டிராவல் மருந்தூசி போட்டார். அத்துடன் அவருடைய கால்களில் ஒன்று குட்டையாயிருப்பதைக் கண்டு செருப்பின் குதிகாலை உயர்த்தினார். ஆடும் நாற்காலியில் அமரச் சொன்னார். முடிச்சைப் போக்குவதைவிட, அதை மீண்டும் மீண்டும் விளைவிக்கும் காரணங்களைத் தேடுவதே வைத்தியரின் பெரிய வேலை என்பது அவருடைய நூலெங்கும் வலியுறுத்தப்படுகிறது. நம் விவசாய அங்கத்தினர் கவனிக்கத்தக்கது, ஜான் டீர் கம்பெனியார் 1960இல் வெளியிட்ட டிராக்டர்களின் இருக்கையை அமைப்பதற்கும் அவருடைய யோசனையே கேட்கப்பட்டது என்பது. உழவனின் முதுகு கெடாமல் இருக்கை எவ்வளவு உயரம், எவ்வளவு சரிவு என்று பார்த்துச் சொன்னவர் அந்த ஊசி வைத்தியரே.

கென்னடியின் கதைக்குப் பின்பாதியும் உண்டு. ஊசியின் சுகம் நிலைக்கவில்லை. ஊசிகளின் எண்ணிக்கை மிகுவது கண்டு மற்ற வைத்தியர்கள் கவலை கொண்டனர். 1961ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஹான்ஸ் கிரவுஸ் என்பவர் அழைக்கப்பட்டார். தளர்ந்த சதையைப் பயிற்சியால் வலுவாக்குவதே அவர் முறை. பயிற்சி தொடங்கிய பின் நிலைமை தேறிற்று. உலகத்தின் செல்வாக்கு மிக்க நோயாளிக்கே ஊசி மட்டும் போதவில்லை. அவருக்காவது இழுக்க நாடாக் கயிறு இல்லை.

‘பலகை நாளைக்கு, வலி இன்றைக்கு’ என்று அங்கத்தினர் கேட்கலாம். அக்கேள்வியின் நியாயத்தை நாம் மதிக்கிறோம். தலையைத் திருப்ப முடியாதவரிடம் பயிற்சி செய் என்பது வீண்பேச்சு. ஊசி தரும் இரண்டு வாரச் சுகத்தில் அவர் பயிற்சியைத் தொடங்க முடியுமாயின், இருக்கையும் அதற்குள் மாறுமாயின், அந்த ஊசி பயனுள்ள ஊசியே. அச்சுகத்தைக் கொண்டு பழைய செங்கல்லின் மேலேயே மீண்டும் அமர்ந்து, விட்டுப்போன பாவையும் சேர்த்து முடிக்க முயல்வாராயின், முன்னிலும் மோசமான நிலைக்கே அவர் வருவார். கூலியின் நெருக்கடி அவரை அதற்கே தள்ளும். ஆகவே சிகிச்சை பெறுகிற வாரங்களில் பாவுக்குத் தவணை நீட்டிப்பதும், அவசியமானால் முன்பணம் தருவதும் சிகிச்சையின் பகுதியென்றே சங்கம் கருத வேண்டும். இது இரக்கத்தின் பாற்பட்டது என்று எவரும் எண்ணவேண்டா. சங்கத்துக்குத் தேர்ந்த நெசவாளி ஒருவர் எஞ்சுவது சங்கத்தின் இலாபம்.

ஆகவே தீர்மானத்தை இவ்வாறு மாற்ற வேண்டுமென்பது நம் கோரிக்கை. பொது நல நிதியிலிருந்து முகாமுக்கு ஒரு காசும் வேண்டா. அந்தத் தொகையின் பெரும்பகுதியால், கேட்கும் ஒவ்வோர் அங்கத்தினரின் தறிக்கும் அவருடைய உடலளவுக்கேற்ற பலகை செய்து தரப்படட்டும்; தெளிப்பான் வைத்திருப்போருக்கு இரு தோளிலும் பாரம் சமமாக விழும் அகன்ற வார் வாங்கித் தரப்படட்டும். எஞ்சிய தொகையால், வலி முற்றியவர்களை முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரிடம் காட்டி, அவர் எழுதிக் கொடுத்தால் பட்டம் பெற்ற இயன்முறைச் சிகிச்சையாளரிடம் அனுப்பலாம். அங்கே ஊசி தேவையென்று அவர் கருதினால், உலர் ஊசியில் தனிப் பயிற்சி பெற்றவர்தாமா என்று கேட்டறிந்து சம்மதிக்கலாம். பஸ் செலவைச் சங்கம் ஏற்கலாம். நான்கைந்து முறைக்குப் பின்னும் மாற்றமில்லையெனில் ஊசியை நிறுத்திவிட்டு வேறு காரணம் தேட வேண்டும். வாரந்தோறும் ஆயுள் முழுவதும் வரச்சொல்பவரிடம் நம் பணத்தைக் கொட்டலாகாது.

தீர்மானத்தில் விடுபட்டுப்போன ஒரு கூட்டத்தாரையும் இங்கே குறிப்பிட வேண்டும். தறியில் அமர்பவர் பெயரே சங்கப் பதிவேட்டில் இருக்கிறது. தரையில் குந்தியபடி நாள் முழுவதும் ராட்டையில் தார் சுற்றும் மனைவி, தாய், மகள் ஆகியோரின் பெயர் எதிலும் இல்லை. அவர்களுடைய கழுத்தும் மணிக்கட்டும் வலிப்பதை நாம் ஒரு கூட்டத்திலும் பேசியதாக நினைவில்லை. ராட்டையை ஒரு முக்காலியின் மேல் வைத்து, அவர்களும் மணையில் அமர்ந்து சுற்றுமாறு செய்வதற்கு வேண்டிய மரம் அற்பமே. பலகைச் செலவோடு இதையும் சேர்க்க வேண்டும். அங்கத்தினர் அல்லாதவருக்கு நிதியிலிருந்து செலவிட விதி இடம் தருமா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் சுற்றிய தாரைக் கொண்டு நெய்த துணியைச் சங்கம் விற்கிறபோது அந்த விதியை எவரும் நினைவூட்டியதில்லை.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இக்கோரிக்கையை எழுத்து மூலம் கொடுக்க இருக்கிறோம். அதற்குள் அங்கத்தினர் ஒவ்வொருவரும் வீட்டில் ஓர் அளவை எடுத்து வைத்துக்கொண்டால் உதவியாயிருக்கும். தறியில் வழக்கம்போல் அமர்ந்து, கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். நாடாக் கயிற்றின் பிடி முழங்கைக்கு மேலே எத்தனை விரற்கடை, அல்லது கீழே எத்தனை விரற்கடை என்று வீட்டார் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அளவையும் தறி எண்ணையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, நூல் வாங்க வரும்போது சங்க எழுத்தரிடம் கொடுக்கலாம். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் அவரே குறித்துக்கொள்வார்.